திரும்பி வரும்போது எது அழியும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன. புதிய இயங்குதளத்தின் பீட்டா பதிப்பை, அதாவது வெளியீட்டுக்கு முன் சோதனைக்காகத் தரும் பதிப்பை, ஆசையாகப் போட்டுப் பார்த்தவர்கள், இப்போது நிலையான பதிப்புக்குத் திரும்ப வழி கேட்கிறார்கள். பத்தொன்பது ஆண்டுகள் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். வெளிவராத பதிப்புகளோடுதான் என் பகல்கள் கழிந்தன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன் என் ஐபோனில் பொதுப் பீட்டாவைப் போட்டேன். வங்கிச் செயலி திறந்த உடனே மூடிக்கொள்கிறது. செட்டிங்ஸில் 'பீட்டா அப்டேட்ஸ்' என்பதை ஆஃப் செய்து நான்கு நாள் ஆகிவிட்டது. போன் இன்னும் பீட்டாவிலேயே இருக்கிறது. நான் எங்கே தவறு செய்தேன்?

பதில்: தவறு எதுவும் செய்யவில்லை, அம்மா. அந்த இடத்தில் ஆஃப் செய்தால், 'இனிமேல் எனக்குப் பீட்டா அனுப்பாதே' என்று ஆப்பிளிடம் சொன்னதாக அர்த்தம். ஏற்கெனவே போனுக்குள் இருப்பதை அது தொடாது. இந்த வேறுபாட்டை அந்தப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, காத்திருப்பது. உதாரணமாக, உங்கள் போனில் இருப்பது ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸின் 26.2 பீட்டா என்றால், 26.2 இறுதிப் பதிப்பு வெளியாகும் நாளில் அது சாதாரணப் புதுப்பிப்பாக உங்களுக்கும் வரும். போட்டுக்கொண்டால் போதும். ஒரு படம்கூட அழியாது. இடையில் 26.1 மட்டும் கண்ணில் படவே படாது, அது உங்கள் போனுக்குப் பழையது. நீங்கள் ஆஃப் செய்தது வீண் போகவில்லை. இறுதிப் பதிப்பு வந்த பிறகு அடுத்த பீட்டாவுக்கு உங்களை இழுத்துப் போகாமல் அது தடுக்கும்.

இரண்டாவது வழி, போனை முழுவதும் அழித்துவிட்டு நிலையான பதிப்பைப் போடுவது. கணினியில் கேபிளால் இணைத்து, ரெக்கவரி மோடு என்ற மீட்பு நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஐபோன் 8இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும், ஒலி கூட்டும் பொத்தானை ஒருமுறை அழுத்தி விடுங்கள். குறைக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தி விடுங்கள். பிறகு பக்கப் பொத்தானை, கேபிள் படம் திரையில் தெரியும்வரை அழுத்திப் பிடியுங்கள். ஆப்பிள் சின்னம் வந்ததும் பலரும் கையை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள். கணினி இரண்டு தேர்வுகள் காட்டும்: 'அப்டேட்', 'ரீஸ்டோர்'. நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது 'ரீஸ்டோர்'. பதிவிறக்கம் பதினைந்து நிமிடத்தைத் தாண்டினால் போன் தானே அந்த நிலையிலிருந்து வெளியே வந்துவிடும். பதறாதீர்கள். இறங்கி முடியட்டும், பிறகு பொத்தான்களை மீண்டும் முதலிலிருந்து அழுத்துங்கள். முடிந்தபின் உங்கள் ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். அது நினைவில் இருக்கிறதா என்று இன்றே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

என் கருத்து கேட்டால், காத்திருங்கள். ஒரு செயலிக்காக முழுப் போனையும் அழிப்பது அதிகம். அதுவரை வங்கியின் இணையதளத்தை பிரவுசரில் திறந்து பயன்படுத்துங்கள். பேசும்போதே அழைப்பு அறுந்துபோகிறது, பகல் முடியும் முன்பே சார்ஜ் தீர்ந்துவிடுகிறது என்ற நிலை வந்தால் மட்டும் இரண்டாவது வழிக்குப் போங்கள். அதற்கு முன் அடுத்த பதிலைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: பீட்டாவை அழித்துவிட்டு நிலையான பதிப்பைப் போடப் போகிறேன். நேற்றிரவுதான் முழு பேக்கப் எடுத்து வைத்தேன். இனி தைரியமாக அழிக்கலாம் அல்லவா?

பதில்: வேண்டாம். இந்தப் பக்கங்களில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலைப் படியுங்கள்.

நேற்றிரவு நீங்கள் எடுத்தது பீட்டாவின் பேக்கப். ஆண்ட்ராய்டில் உயர்ந்த பதிப்பில் எடுத்த பேக்கப்பைத் தாழ்ந்த பதிப்பு ஓடும் போனில் மீட்க முடியாது என்று கூகுள் வெளிப்படையாகவே சொல்கிறது. பீட்டாவில் எடுத்த பேக்கப் முந்தைய பதிப்போடு ஒத்துப்போகாமல் இருக்கலாம் என்று ஆப்பிளும் எச்சரிக்கிறது. உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியது, பீட்டாவுக்குள் நுழைவதற்கு முன் எடுத்த பேக்கப்தான். அதுவும் கணினியில் 'ஆர்க்கைவ்' செய்து வைத்திருந்தால்தான் நிச்சயம். இல்லையென்றால் பின்னால் எடுத்த பேக்கப் அதன்மேலேயே எழுதிவிட்டிருக்கும்.

காரணம் என்னவென்று தெரிந்துகொண்டால் எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஒவ்வொரு செயலியும் தன் குறிப்புகளையும் செய்திகளையும் ஒரு சிறு தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது. அந்தத் தரவுத்தளத்தின் அமைப்புக்கு ஓர் எண் உண்டு. புதிய பதிப்பு முதல்முறை ஓடும்போது பழைய அட்டவணைகளைப் பிரித்து, புதிய கட்டங்களைச் சேர்த்து, அந்த எண்ணைக் கூட்டிவிடும். இதற்கான நிரலை எழுதித்தான் ஆக வேண்டும், எழுதுகிறார்கள். ஆனால் கூட்டிய எண்ணை மறுபடி குறைத்து, அட்டவணைகளைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும் நிரலைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. நான் சோதித்த மென்பொருள்களிலும் 'கீழ்ப் பதிப்புக்கு இறங்கினால் என்ன ஆகும்' என்ற சோதனை பட்டியலின் கடைசி வரியாகவே இருந்தது. நேரம் போதாமல் பலமுறை அதை விட்டிருக்கிறோம்.

ஆண்ட்ராய்டு செயலிகள் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தைத் திறக்கப் பொதுவாகப் பயன்படுத்தும் கருவி ஒன்று இருக்கிறது. கோப்பில் உள்ள எண் தன்னுடையதைவிட அதிகமாக இருந்தால், செயலியை எழுதியவர் வேறு ஏற்பாடு செய்யாதவரை, அது பிழை என்று அறிவித்து நின்றுவிடும். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரும் 2019இல் வந்த 67ஆம் பதிப்பு முதல் இப்படித்தான். புதிய பதிப்பு தொட்ட புரொஃபைலை, அதாவது உங்கள் புக்மார்க்குகளும் கடவுச்சொற்களும் இருக்கும் தொகுதியை, பழைய பதிப்பில் திறந்தால் மறுத்துவிடும். மறுப்பது நல்லதே. பாதி மட்டும் புரிந்துகொண்டு மேலே எழுத ஆரம்பித்தால் இருப்பதும் கெட்டுப்போகும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் என் அப்பாவின் ரத்தச் சர்க்கரை அளவுகளைக் காலையும் இரவும் போனில் ஒரு செயலியில் பதிந்து வந்தேன். எட்டு மாதக் கணக்கு. அந்தப் போனில் பீட்டா இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முழு பேக்கப் எடுத்துவிட்ட தைரியத்தில் அழித்து நிலையான பதிப்பைப் போட்டேன். மீட்கப் போனபோது, அந்த பேக்கப் புதிய பதிப்பில் எடுக்கப்பட்டது என்று ஒரே ஒரு வரி வந்து நின்றது. மறுநாள் காலை மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்பா ஒன்றும் சொல்லாமல் அலமாரியைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து வந்தார். நான் போனில் பதிந்ததையெல்லாம் அவர் பென்சிலால் அதில் எழுதி வைத்திருந்தார். நாங்கள் வெளியூர் போயிருந்த பதினோரு நாள் மட்டும் நோட்டு வீட்டிலேயே இருந்துவிட்டது. அந்தப் பதினோரு நாளின் அளவுகள் இன்றுவரை எங்களிடம் இல்லை.

அன்று முதல் நான் பேக்கப்பை மட்டும் நம்புவதில்லை. அழிப்பதற்கு முன் உட்கார்ந்து, 'பீட்டாவுக்கு வந்த நாளிலிருந்து இந்தப் போனில் புதிதாக என்னென்ன பிறந்தது?' என்று தாளில் எழுதுவேன். பிறகு ஒவ்வொன்றையும் எந்தப் பதிப்பிலும் திறக்கக்கூடிய தனிக் கோப்பாக வெளியே எடுப்பேன். படங்களையும் வீடியோக்களையும் கணினிக்கு நகலெடுப்பேன். குறிப்புகளை பிடிஎஃப் ஆக்குவேன். தொடர்புகளை விகார்டு கோப்பாக்குவேன். உடல்நலச் செயலிகளில் 'எக்ஸ்போர்ட்' எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக்குவேன். ஒலிப்பதிவுகளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அவை பெரும்பாலும் போனுக்குள் மட்டுமே இருக்கும்.

இரண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்புக்கு அதன் சொந்த பேக்கப் இருக்கிறது. அது போனின் பொது பேக்கப்பிலிருந்து வேறானது. வாட்ஸ்அப் அமைப்புகளுக்குள் சென்று, கடைசியாக எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்று பார்த்து, புதிதாக ஒன்று எடுங்கள். அடுத்தது, ஆறு இலக்கக் குறியீடு தரும் அங்கீகாரச் செயலி. போன் அழிந்தபின் மின்னஞ்சலுக்குள் நுழைய குறியீடு கேட்கும், குறியீட்டுச் செயலியோ அழிந்த போனில் இருந்திருக்கும். கணக்குகளை இன்னொரு போனுக்கு மாற்றிவிட்டு, அவசரக் குறியீடுகளைத் தாளில் எழுதிக்கொண்ட பிறகே அழிக்கும் பொத்தானைத் தொடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது கூகுளின் பிக்சல் போன். ஆண்ட்ராய்டு பீட்டா திட்டத்திலிருந்து இன்று காலை விலகினேன். மாலையில் ஒரு புதுப்பிப்பு வந்து நிற்கிறது. போடலாமா?

பதில்: கையை எடுங்கள், தம்பி. முதலில் அதன் விவரக் குறிப்பை முழுவதும் வாசியுங்கள். விலகிய 24 மணி நேரத்துக்குள் வருவது பெரும்பாலும் உங்களைக் கீழ்ப் பதிப்புக்கு இறக்கும் புதுப்பிப்பு. அதைப் போட்டால் போனில் உள்ள தகவல்கள் அனைத்தும் அழியும். புதுப்பிப்பு வரும் அதே இடத்தில், அதே போன்ற அறிவிப்போடு வருவதால், வழக்கம்போல விரல் தானாக அழுத்திவிடுகிறது. எனக்கு வந்த கடிதங்களில் ஒரு வாசகி, பேரக்குழந்தை நடக்கத் தொடங்கிய வீடியோவை இப்படித்தான் இழந்திருக்கிறார்.

அவசரம் இல்லையென்றால் அந்தப் புதுப்பிப்பை அப்படியே விட்டுவிடுங்கள். நீங்கள் இருக்கும் பீட்டாவின் நிலையான பதிப்பு வெளியாகும்போது, திட்டத்திலிருந்து விலகியவர்களுக்கும் வரும். அதைப் போட்டால் எதுவும் அழியாது. டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்து வைத்திருந்தால், அதில் தானியங்கிப் புதுப்பிப்பு என்ற வரியை அணைத்துவிடுங்கள்.

இன்னும் திட்டத்திலிருந்து விலகாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிலையான பதிப்பு போனில் ஏறியதும், அடுத்த பீட்டா வருவதற்கு முன் சிறிது இடைவெளி கிடைக்கும். அப்போது விலகினால் இழப்பு இல்லை. அடுத்த பீட்டாவைப் போட்டுவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். மீண்டும் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும், அல்லது அழிக்க வேண்டும். நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

கேள்வி: ஆப்பிள் வாட்ச்சில் பீட்டா போட்டுவிட்டேன். போனைப் போலவே கணினியில் இணைத்து மீட்க முடியுமா?

பதில்: முடியாது. வாட்ச்சில் பீட்டா ஏறினால், முந்தைய பதிப்புக்கு நாமாக இறக்க வழியில்லை. இறுதிப் பதிப்பு வரும்வரை காத்திருங்கள்.

கேள்வி: அலுவலக வேலையும் பார்க்கும் மடிக்கணினியில் விண்டோஸின் சோதனைப் பதிப்புகள் தரும் இன்சைடர் திட்டத்தில், டெவ் சேனல் என்ற பிரிவில் சேர்ந்தேன். ஒரு மாதம் ஆகிறது. பழைய பதிப்புக்குத் திரும்பும் 'கோ பேக்' பொத்தான் மங்கலாக இருக்கிறது. ஏன்?

பதில்: அந்தப் பொத்தானின் ஆயுள் பத்து நாள். பதிப்பு மாறும்போது பழைய விண்டோஸ் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற கோப்புறையில் பத்திரமாக இருக்கும். பத்து நாள் கழித்து விண்டோஸ் அதை அழித்துவிடும். டிஸ்க் கிளீனப் ஓட்டினால் அதற்கு முன்பே போய்விடலாம். அந்தப் பத்து நாளுக்குள் ஒரு கட்டளை கொடுத்து, அவகாசத்தை 60 நாள்வரை நீட்டியிருக்க முடியும். இப்போது அது பயனில்லை.

பீட்டா சேனலிலோ ரிலீஸ் பிரிவியூ சேனலிலோ இருந்திருந்தால், அடுத்த விண்டோஸ் பதிப்பு வெளியாகும்போது விலக்கிவிடு என்ற தேர்வை இயக்கிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். டெவ், கேனரி என்ற சேனல்கள் இரண்டும் முன்னால் ஓடிக்கொண்டிருப்பவை. அவற்றிலிருந்து வெளியேற, பென் டிரைவில் நிறுவல் கோப்பை ஏற்றி, சுத்தமாக மறுபடி நிறுவுவதுதான் வழி. அதற்கு முன், வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 48 இலக்கங்கள் இல்லாமல் பூட்டிய டிரைவைத் திறக்க முடியாமல் தவித்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தள்ளிப் போடவும் வேண்டாம். இந்தச் சோதனைப் பதிப்புகளுக்குக் காலாவதித் தேதி இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் 'வின்வர்' என்று தட்டினால் அந்தத் தேதி தெரியும். சம்பளம் தரும் வேலை இருக்கும் கணினியில் டெவ் சேனல் வேண்டவே வேண்டாம் என்பதை உங்களுக்கு அக்கறையோடு சொல்கிறேன்.

கேள்வி: லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 13 சோதனை நிலையில் இருந்தபோதே நிறுவினேன். அது நிலையான பதிப்பாக மாறும்போது நானும் தானாக நிலையாகிவிடுவேன் என்று நண்பர்கள் சொன்னார்கள். மாறிய பிறகும் எனக்கு நூற்றுக்கணக்கில் மென்பொருள் தொகுப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன.

பதில்: நண்பர்கள் சொன்னது பாதி சரி. தொகுப்புகள் எங்கிருந்து வர வேண்டும் என்று குறிக்கும் கோப்பைத் திறந்து பாருங்கள். அங்கே 'டிரிக்ஸி' என்று பதிப்பின் பெயர் இருந்திருந்தால், 2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13 வெளியானபோது நீங்களும் அதோடு நிலையாகியிருப்பீர்கள். உங்கள் கோப்பில் 'டெஸ்டிங்' என்று இருக்கும் என்பது என் ஊகம். அந்தச் சொல் ஒரு பதிப்பைக் குறிப்பதில்லை, ஒரு இடத்தைக் குறிக்கிறது. அந்த இடத்துக்கு இப்போது 'ஃபோர்க்கி' வந்துவிட்டது. நீங்களும் கூடவே நகர்ந்துவிட்டீர்கள்.

தொகுப்புகளின் முன்னுரிமை எண்ணை ஆயிரத்துக்கு மேல் வைத்தால் ஏப்ட் கருவி கீழ்ப் பதிப்புகளை நிறுவும். ஆனால் டெபியன் அதை ஆதரிக்கும் வழியாக ஏற்பதில்லை. சி நூலகம் போன்ற அடித்தளத் தொகுப்புகள் மாறியிருந்தால் பாதியில் நின்றுபோகும் அபாயம் உண்டு. நிறுவியிருக்கும் தொகுப்புகளின் பட்டியலை ஒரு கோப்பாக எழுதிக்கொண்டு, உங்கள் சொந்தக் கோப்புகளை வேறு வட்டுக்கு நகலெடுத்துவிட்டு, டெபியன் 13ஐப் புதிதாக நிறுவுங்கள். ஒரு மாலைப்பொழுது வேலைதான். புள்ளியில் தொடங்கும் மறைவான அமைப்புக் கோப்புகளை மட்டும் மொத்தமாகத் திரும்பக் கொண்டுவராதீர்கள். மேலே சொன்ன அதே சிக்கல் அங்கேயும் காத்திருக்கும்.

கேள்வி: இவ்வளவு தொல்லை என்றால் பீட்டா போடுவதே தவறா? கல்லூரியில் படிக்கும் என் மகன் கேட்பதே இல்லை.

பதில்: தவறே இல்லை, ஐயா. பீட்டா போட்டுப் பார்த்துக் குறை சொல்பவர்கள் இல்லாவிட்டால் அந்தக் குறைகள் அத்தனையும் எல்லோருடைய போனுக்கும் வந்து சேரும். உங்கள் மகனைத் தடுக்காதீர்கள். நாளைக் காலை முழுவதும் அழிந்தாலும் அழுகை வராத ஒரு கருவியில் போடச் சொல்லுங்கள். மேக் கணினி என்றால் வட்டில் வால்யூம் என்ற தனிப் பகுதி ஒன்றை உருவாக்கி, பீட்டாவை அதில் நிறுவலாம். பிடிக்காவிட்டால் அந்த வால்யூமை நீக்கிவிட்டால் முடிந்தது.

ஆனால் அங்கேயும் தன் முக்கியமான கணக்கில் நுழைய வேண்டாம் என்று சொல்லுங்கள். கணக்கோடு ஒத்திசையும் தகவல்கள் வால்யூமின் சுவருக்குள் அடங்காது. 2019இல் ஐஓஎஸ் 13 வந்தபோது ரிமைண்டர்ஸ் செயலியின் அமைப்பு மாறியது. ஒரு கருவியில் மேம்படுத்திவிட்டால், பழைய பதிப்பில் இருக்கும் மற்ற கருவிகளில் அந்த நினைவூட்டல்களைப் பார்க்க முடியாது. ஒரு கருவியைத் திருப்பினாலும் கணக்கு திரும்பாது.

இன்னொன்றும் சொல்லுங்கள். குறையைக் கண்டால் அதற்கென இருக்கும் செயலியில் எழுதட்டும். என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, மறுபடி செய்தபோதும் நடந்ததா. இந்த நான்கு வரிகளோடு வரும் ஒரு குறிப்புக்கு, 'சரியாக வேலை செய்யவில்லை' என்ற நூறு குறிப்புகளைவிட மதிப்பு அதிகம். அப்படிப்பட்ட குறிப்பு காலையில் மேசைக்கு வந்தால் அன்றைய நாளே எனக்கு நல்ல நாளாக இருக்கும்.

கேள்வி: 'எந்தப் பழைய பதிப்பையும் கோப்பாக இறக்கி ஐபோனில் நிறுவலாம்' என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். இரண்டு மணி நேரம் முயன்றேன். ஒவ்வொரு முறையும் பிழைதான் வருகிறது.

பதில்: நான் எழுதியது தவறு. உங்களிடமும் அதை நம்பி முயன்ற மற்றவர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

கோப்பு கையில் இருந்தால் மட்டும் போதாது. நிறுவும் நேரத்தில் ஆப்பிளின் சர்வரிடம், அந்தக் குறிப்பிட்ட போனுக்காக, மின்கையொப்பம் கேட்டு வாங்கப்படுகிறது. அப்போது அனுமதியில் உள்ள பதிப்புக்குத்தான் கையொப்பம் கிடைக்கும். புதியது வெளிவந்து சில காலத்தில் முந்தையதற்குக் கையொப்பம் இடுவதை நிறுத்திவிடுவார்கள். பழைய பதிப்பின் பாதுகாப்பு ஓட்டையைப் பயன்படுத்த, திருடுபவர் போனை அந்தப் பதிப்புக்கே இறக்கிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆண்ட்ராய்டிலும் இப்படி நடந்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது, பிக்சல் 6, 6 புரோ, 6ஏ மூன்றிலும், போனைத் தொடக்கி வைக்கும் நிரலான பூட்லோடரின் எண் உயர்த்தப்பட்டது. அதைப் போட்டவர்களால் ஆண்ட்ராய்டு 12க்குத் திரும்ப முடியவில்லை.

ஆகவே நீங்கள் திரும்பக்கூடிய இடம், இன்றைய தேதியில் வெளியாகியிருக்கும் நிலையான பதிப்பு மட்டுமே. அதை ரெக்கவரி மோடில் 'ரீஸ்டோர்' தேர்ந்தெடுத்தால் கணினியே இறக்கிக்கொள்ளும். நீங்கள் இறக்கி வைத்திருக்கும் பழைய கோப்பை அழித்துவிடுங்கள். பல ஜிபி இடமாவது திரும்பக் கிடைக்கும்.